மோட்டார் சைக்கிளில் போறவர்

மானம் கப்பலேறிவிட்டது என்று பேச்சுக்குச் சொல்வார்கள். என் விஷயத்தில் அது வெறும் பேச்சில்லை. போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் எனக்கும் அக்காவுக்கும் டிக்கெட் எடுத்து, பெட்டி படுக்கையோடு என் மானத்தையும் ஏற்றிக்கொண்டுதான் கொழும்புக்குப் புறப்பட்டேன். அங்கிருந்து ரயிலில் யாழ்ப்பாணம் போய்க் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். அதற்குள் எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். அப்படி யாரும் நிபந்தனை போடவில்லை. அக்காவின் வாயிலிருந்து வந்த ஒரே ஒரு வாக்கியம்தான் போட்டது.

அப்போது நான் கோலாலம்பூரில், கந்தோர் என்று நாங்கள் சொல்லும் ரயில்வே அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. பிரிக்பீல்ட்ஸில், அத்தானுக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸில், அக்காவோடும் அவரோடும் இருந்தேன். சின்ன வயதிலேயே என்னை ஊரிலிருந்து மலாயாவுக்குக் கூட்டிவந்து படிக்கவைத்து, அத்தானை நச்சரித்து எனக்கு இந்த வேலையை வாங்கிக்கொடுத்தவள் அக்கா. அவளுக்குப் பிள்ளை இல்லை. என்னைப் பற்றிய கவலையே அவளுக்குப் போதுமான பிள்ளையாக இருந்தது.

என் மேசைக்கு அடுத்த மேசையில் இருந்தவன் என் சிநேகிதன். கத்தோலிக்கக் குடும்பம், அப்பா ரயில்வேயில் கார்டு, பிறந்ததே இந்த ஊரில்தான். அவனிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. அதன் இடது பக்கத்தில், ஒற்றைச் சக்கரத்தோடு ஓர் ஆள் உட்காரும் பெட்டியைப் பொருத்தியிருந்தான். சைட்கார் என்று எழுதுவார்கள். பிரிக்பீல்ட்ஸில் அதற்குத் தொட்டி என்று பெயர். தினமும் காலையில் எங்கள் வாசலில் வந்து ஹார்ன் அடிப்பான். நான் குடையும் சாப்பாட்டு டிபனுமாகத் தொட்டிக்குள் இறங்கி உட்காருவேன். முழங்கால் மோவாயில் இடிக்கும். அவன் உயரத்தில் ராஜா மாதிரி ஓட்ட, நான் கீழே அவனுடைய சப்பாத்துக் காலைப் பார்த்துக்கொண்டு போவேன். வழியில் தண்ணீர்க் குழாயடியில் நிற்கும் பெண்கள் என்னைக் கண்டால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். எனக்குச் சாதாரண சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. இரண்டு சக்கரத்தில் ஏறினால் பூமி என்னைக் கைவிட்டுவிடும் என்ற பயம் எப்படியோ உடம்பில் ஊறிப்போயிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் அக்கா எங்கள் ஊர் மாமி ஒருவரைச் சந்தித்தாள். அந்த மாமி செந்தூலில் மகனோடு இருந்தவர். ஊரில் அவருடைய தமையனுக்குக் கல்யாண வயதில் ஒரு மகள். பேச்சு அந்தப் பக்கம் திரும்பியதும், உன் தம்பி எப்படி என்று மாமி கேட்டாராம். அக்கா சொன்ன பதில் இது.

"தம்பி மோட்டார் சைக்கிளிலைதான் கந்தோருக்குப் போறவர்."

எங்கள் பேச்சில் 'போறவர்' என்றால் வழக்கமாகப் போகிறவர் என்று அர்த்தம். அந்த வாக்கியத்தில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. நான் மோட்டார் சைக்கிளில்தான் போனேன், தினமும் போனேன். அதில் எந்த இடத்தில் உட்கார்ந்து போனேன் என்பதைத்தான் வாக்கியம் சொல்லவில்லை. அது கடல் கடந்து யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தபோது, நான் புழுதி பறக்க மலாயாவின் தெருக்களைக் கலக்கிக்கொண்டிருக்கும் மாப்பிள்ளையாகியிருந்தேன்.

சம்மதம் வந்தது. கூடவே, பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளைக்கென்று புது மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி வீட்டு முற்றத்தில் நிறுத்தியிருக்கிறார் என்ற செய்தியும் வந்தது. ரயிலடியில் மேளத்தோடு வரவேற்பார்களாம். அங்கிருந்து பெண் வீடு வரை மாப்பிள்ளை அதை ஓட்டிக்கொண்டு வர வேண்டுமாம். ஊரே பார்க்கக் காத்திருக்கிறதாம். மாமி இதைச் சொன்னபோது நான் கோயில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா சிரித்த முகத்தோடு தலையாட்டினாள். அது அவள் பிறந்த ஊர். அங்கே அவள் சொன்ன சொல் பிசகினால், அதற்குப் பிறகு அந்தத் தெருவில் அவள் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

மறுநாள் சிநேகிதனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான்.

"அப்பவே சொல்லிருக்கலாம் லா. எத்தன நாளா தொட்டில குந்திகிட்டு வர. ஒரு நாளாச்சும் ஹேண்டில புடிச்சிப் பாத்தியா?"

"நீர் சிரிக்காதேயும். ஓட்டக் காட்டித் தாரும்," என்றேன். நான் அவனை நீர் என்பேன், அவன் என்னை நீ என்பான், கடைசியில் இந்த ஊர் 'லா' ஒன்றையும் சேர்ப்பான். அவனவன் பேச்சு அவனவனுக்கு.

பிரிக்பீல்ட்ஸில் பழகினால் ஊர் சிரிக்கும். சிநேகிதனுக்குக் கிள்ளானில் பெண் பேசி வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவன் அங்கே போவது வழக்கம். நானும் தொட்டியில் ஏறிக்கொள்வேன். கிள்ளானைத் தாண்டி மேரு பக்கம் போகும் செம்மண் ரோட்டில், இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் நிற்கும் இடத்தில் நிறுத்துவான். அங்கே என்னை மேலே ஏற்றிவிட்டு அவன் தொட்டியில் இறங்குவான்.

கிளட்சு, கியர் கம்பி, பெட்ரோல் லீவர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கை வேண்டியிருந்தது. எனக்கு இருந்தது இரண்டு. முதல் நாள் உதைத்து உதைத்து முழங்காலில் ரத்தம் கட்டியது. ஸ்டார்ட் ஆனதும் வண்டி இடது பக்கம் இழுத்தது, பிரேக் போட்டால் வலது பக்கம் பாய்ந்தது. சிநேகிதன் தொட்டிக்குள் இருந்தபடி "புடி, புடி, வுடு, வுடு" என்று கத்துவான். எதைப் பிடிப்பது எதை விடுவது என்று சொல்லமாட்டான். ஆனாலும் சில வாரங்களில் வந்துவிட்டது. ஹேண்டிலைத் திருப்பினால் வண்டி திரும்பியது. நிறுத்தினால் நின்றது. நான் விழவே இல்லை. விழுவதற்கு மூன்று சக்கர வண்டியில் வழி எங்கே இருக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பயம் தெளிந்துவிட்டது, நான் தேறிவிட்டேன் என்றே நம்பினேன். மேரு ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் கடைகளுக்கு நடந்து போகும் தோட்டத்துப் பெண்கள் ஒதுங்கி நின்று வழிவிடுவார்கள். அவர்களைத் திரும்பியும் பார்க்காமல் போவேன். தோட்டத்துக் கூலி ஆட்களிடம் யாழ்ப்பாணத்து எங்களவர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நானும் அந்த வழக்கத்தை மூக்கைத் தூக்கிக்கொண்டு காப்பாற்றினேன்.

அக்கா கேட்டாள் என்பதற்காக ஒரு வெள்ளிக்கிழமை மாலை நானே ஓட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். சிநேகிதன் தொட்டியில். குழாயடிப் பெண்கள் அன்று முந்தானையைத் தொடவில்லை. கோயில் வாசலில் அக்காவும் செந்தூல் மாமியும் நின்றார்கள். ஹார்ன் அடித்து, வட்டம் போட்டு, அவர்கள் முன்னால் நிறுத்தினேன். அக்காவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மாமி வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"இதென்ன பிள்ளை, பக்கத்திலை ஒரு பெட்டி?"

"அது ஆக்கள் இருக்கிறதுக்கு மாமி," என்றேன்.

"அங்கை அண்ணை வாங்கி வைச்சிருக்கிறதிலை பெட்டி கிட்டி ஒண்டும் இல்லையாம். ரெண்டு சில்லுத்தானாம்."

சிநேகிதன் தொட்டிக்குள்ளிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தான். அன்று அவன் சிரிக்கவில்லை. இரண்டே சக்கரம் என்பதன் அர்த்தம் அதிலிருந்தே எனக்குப் புரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் ஒரு பட்டறையில் ஸ்பானர் இரவல் வாங்கித் தொட்டியைக் கழற்றி அங்கேயே போட்டுவிட்டுப் போனோம். மேரு ரோட்டில் ஏறி உட்கார்ந்தேன். கிளட்சை விட்டேன். பழக்கதோஷத்தில், இழுக்கும் தொட்டி இல்லாத வண்டியை, இழுக்கும் தொட்டி இருப்பதுபோல வலது பக்கம் திருப்பிப் பிடித்தேன். அது நேரே ரோட்டோரக் கான் வாய்க்காலுக்குள் போனது. நான் கீழே, வண்டி மேலே. கானில் தோட்டத்துத் தண்ணீர், முழங்கால் அளவு சேறு.

சிநேகிதன் பின்னால் ஓடி வருவதற்குள், கடைக்குப் போய்க்கொண்டிருந்த தோட்டத்துப் பெண்கள் கானுக்குள் இறங்கிவிட்டார்கள். தலையில் பூ வைத்து, நல்ல சேலை கட்டி வந்தவர்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒருத்தி முன் சக்கரத்தைப் பிடிக்க, இரண்டு பேர் பின்னால் பிடிக்க, வண்டியை என் மேலிருந்து தூக்கினார்கள். இன்னொருத்தி என் கையைப் பிடித்து மேலே இழுத்து, என் முழங்காலைக் குனிந்து பார்த்து, பிள்ளைக்கு ஊதுவதுபோல ஊதினாள்.

"போன வாரம் நல்லாத்தானே ஓட்டுனாரு இந்த ஐயா," என்றாள் ஒருத்தி.

"போன வாரம் மூணு காலு. இந்த வாரம் ரெண்டு. அதான் ஐயாவுக்கு ஒத்துக்கல," என்றாள் மற்றவள்.

சேற்றை உதறிக்கொண்டு சிரித்தபடி போய்விட்டார்கள். நான் அவர்களுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. வாரா வாரம் அவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒரு தரம்கூட அவர்கள் முகத்தைப் பார்க்காதவன் நான். அன்று வெட்கத்தில் உடம்பெல்லாம் காந்தியது.

அதற்குப் பிறகும் முயன்றோம். சிநேகிதன் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வருவான். அவன் பிடித்திருக்கிறான் என்று தெரியும்வரை போவேன். விட்டுவிட்டான் என்று தெரிந்த இடத்தில் விழுவேன். விடாமலே விட்டதாகப் பொய் சொல்லிப் பார்த்தான், அதற்கும் விழுந்தேன். கப்பல் நாள் நெருங்கியபோது அவன் வண்டியை மரத்தில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஒன்னு சொல்றேன், கோச்சிக்காத. உனக்கு இது வராது லா. அவங்ககிட்ட உண்மைய சொல்லிரு."

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது அக்கா அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அத்தான் வேலையில் இருந்தார். சேறு காய்ந்த காற்சட்டையோடு வாசற்படியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினேன்.

"அக்கா, நான் தொட்டியிலை ஏறி இருந்து போறனான் எண்டு மாமிக்குச் சொல்லிப்போடுங்கோ. அவ ஊருக்கு அறிவிக்கட்டும்."

"இனிச் சொல்லேலாது."

"அப்ப ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"நான் பொய் சொல்லேல்லை. நீ அதிலைதானே போறனி."

"அவை வேறை மாதிரியெல்லோ விளங்கிக்கொண்டினம்."

"விளங்கிக்கொள்ளட்டும் எண்டுதான் சொன்னனான்."

துருவும் சத்தம் நின்றது. அதுவரை நான் அக்கா வாய்தவறிச் சொல்லிவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்குக் கோபம் வந்தது. என்னை ஏன் இப்படிச் சந்தி சிரிக்க வைத்தீர்கள் என்று குரலை உயர்த்திக் கேட்டேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"வேறை என்னத்தைச் சொல்லச் சொல்லுறாய்? சோதினை பாஸ் பண்ணினியோ? உத்தியோகம் உயர்ந்ததோ? வேலையும் அத்தான்ரை முகத்துக்காகத் தந்தது. நீ எப்பிடி எண்டு மாமி கேட்டா. எவ்வளவோ யோசிச்சுப் பாத்தன். உன்னைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒண்டும் வரேல்லை, தம்பி. பேந்து இதுதான் வந்தது."

சொல்லிவிட்டு மறுபடி துருவத் தொடங்கினாள். நான் எழுந்து கிணற்றடிக்குப் போய்த் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டேன். கானில் விழுந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று தோன்றியது. என்னை வளர்த்தவள், என்னை ஆசையோடு நினைப்பவள், என்னைப் பற்றிச் சொல்ல ஒரு நல்ல வார்த்தை தேடிக் கிடைக்காமல் கோயில் வாசலில் தடுமாறி நின்றிருக்கிறாள். கடைசியில் இன்னொருவனுடைய மோட்டார் சைக்கிள்தான் அவளுக்கு உதவியிருக்கிறது. இரவு அவள் சோறு போட்டாள். சாப்பிட்டேன். அதைப் பற்றி நாங்கள் அதற்குப் பிறகு பேசவில்லை.

அத்தானுக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் அக்காவும் மட்டும் புறப்பட்டோம். கப்பலில் அக்காவுக்கு வாந்தி, எனக்கு யோசனை. அலை ஒரு பக்கம் சாய்த்தபோதெல்லாம் என் கை தானாக, இல்லாத ஹேண்டிலைப் பிடித்தது. கடலில் புயல் வராதா, கையோ காலோ முறியாதா என்றுகூட வேண்டிக்கொண்டேன். கடல் சாதுவாக இருந்தது. கொழும்பிலிருந்து ரயிலில் போகும்போது, ரயிலடியில் இறங்கியதும் நானே உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சொல்ல வேண்டிய வார்த்தைகளை மனதுக்குள் பலதரம் சொல்லிப் பழகினேன். அது மோட்டார் சைக்கிளைவிட எளிதாக வந்தது.

ரயிலடியில் மேளம் முழங்கியது. ஊர்ச் சனம் திரண்டு நின்றது. பெண்ணின் தகப்பன் முழு உடம்பும் சிரிப்பாக முன்னால் வந்து எனக்கு மாலை போட்டார். அவருக்குப் பின்னால் ஒரு திறந்த மாட்டுவண்டி. அதன் மேல் கயிற்றால் கட்டி, பூச்சரம் சுற்றி, வெயிலில் பளபளவென்று அந்த மோட்டார் சைக்கிள் நின்றது. ஊரில் ஓட்டத் தெரிந்தவர் யாரும் இல்லாததால் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"இறக்கட்டோ தம்பி?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். ரயிலில் பழகிய வார்த்தைகளில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. அத்தனை கண்களும் என் மேல். மேளம்கூட நின்றுவிட்டது. நான் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இறக்க வேண்டாம் அண்ணை. தம்பிக்கு ஓட்டத் தெரியாது," என்று அக்காவின் குரல் கேட்டது. "நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

அவள் பிறந்த ஊர்ச் சனம் அவளைத் திரும்பிப் பார்த்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெண்ணின் தகப்பன் மாட்டுவண்டியைத் திரும்பிப் பார்த்தார். கெட்ட மனிதரல்ல அவர். ஆனால் வழியெல்லாம் சனம் நிற்கிறது, வாசலில் உறவு நிற்கிறது. மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளில் வருவார் என்று அவரும் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. நீர் அதிலை ஏறி இரும்," என்றார். "மாட்டுவண்டி தன்ரைபாட்டிலை வரட்டும்."

மாட்டுவண்டியின் மேல் நின்ற மோட்டார் சைக்கிளின் மேல் என்னை ஏற்றினார்கள். மேளம் மறுபடி தொடங்கியது. மாடுகள் நடந்தன. நான் இரண்டு கைகளாலும் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, கழுத்தில் மாலையோடு, நேரே முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தேன். குறுகலான ஒழுங்கைத் தெருக்களில் வேலிக்கு மேலே தலைகள் தெரிந்தன. சிரிப்புச் சத்தம் கூடவே வந்தது. ஒரு திருப்பத்தில் மாடுகள் திரும்பியபோது நான் என்னையறியாமல் ஹேண்டிலைத் திருப்பினேன். அதைப் பார்த்து ஒழுங்கையே குலுங்கியது. அதற்குப் பிறகு பெண் வீடு வரும்வரை நான் இடதும் பார்க்கவில்லை, வலதும் பார்க்கவில்லை. அக்கா எங்கே வருகிறாள் என்றும் தேடவில்லை. அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மோட்டார் சைக்கிளை என் மாமனார் யாருக்கோ கொடுத்துவிட்டார். நாங்கள் மலாயாவுக்குத் திரும்பி, பிரிக்பீல்ட்ஸில் அக்கா வீட்டுக்குப் பக்கத்து வரிசையில் குடியேறினோம். நான் மறுபடி தொட்டியில் கந்தோருக்குப் போனேன். ஊர்வலத்தைப் பற்றி மனைவி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் வாய் திறந்ததில்லை. அவள் அதைப் பார்க்கவே இல்லை என்று நானாக ஒரு சமாதானம் வைத்திருந்தேன்.

ஒரு மாலை அக்கா, என் மனைவிக்கு மச்சாள், வந்து பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனாள். அவள் போவதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி, திரும்பாமலே சொன்னாள்.

"அண்டைக்கு நான் வேலிக்குள்ளாலை பாத்துக்கொண்டு நிண்டனான். எல்லாரும் சிரிச்சினம். நானும் சிரிச்சுப்போட்டன். மச்சாள்தான் சிரிக்கேல்லை."

நான் மேசையிலிருந்த பத்திரிகையைக் கையில் எடுத்தேன்.

"கட்டின கயிறு ஒரு பக்கம் அவிண்டு கிடந்தது. மோட்டார் சைக்கிள் உங்களோடை சரியப் பாத்தது. ஒருத்தரும் கவனிக்கேல்லை. மச்சாள் ரெண்டு கையாலும் அதைத் தாங்கிப் பிடிச்சபடி வண்டிக்குப் பக்கத்திலை எங்கடை ஒழுங்கை முழுக்கப் புழுதிக்குள்ளை நடந்து வந்தவ. உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியும்," என்று பொய் சொல்லிவிட்டு, எழுந்து பின்பக்கமாக வெளியே போனேன்.